சிஸ்டத்தில் ஏதோ புகுந்துவிட்டதா? ஃபார்மட் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

"வைரஸ் வந்துடுச்சுண்ணே, ஃபார்மட் போட்டுக் குடுங்க." எங்கள் சர்வீஸ் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஃபார்மட் போட்டுக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய வேலை. முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஃபார்மட் மட்டும் போட்டுக்கொண்டு போனவர், பத்து நாளில் "ஃபேஸ்புக்கை யாரோ தூக்கிட்டாங்க" என்று திரும்பி வந்து நிற்பார். திருடன் சாவியை நகல் எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்ட கதைதான்.

இது வீட்டிலும் சின்ன அலுவலகத்திலும் இருக்கும் விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்தால்தான் பதற்றத்தில் ஒரு படியைத் தாண்டிப் போகாமல் இருப்போம்.

0. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பாதிக்கப்படாத இன்னொரு கருவி ஒன்று வேண்டும். பெரும்பாலும் உங்கள் மொபைலே போதும், விண்டோஸை அழித்துப் போட வேண்டி வந்தால் மட்டும் சுத்தமான இன்னொரு கம்ப்யூட்டரும் தேவைப்படும். வைஃபை வேண்டாம், மொபைல் டேட்டாவில் இருக்கட்டும், ஏனென்றால் சீக்கிரமே வைஃபையை அணைக்கப் போகிறோம்.

நோட்டும் பேனாவும். புதிய பாஸ்வேர்டுகளை இப்போதைக்குக் காகிதத்தில் எழுதுங்கள். "பேப்பர்ல எழுதக் கூடாதுன்னு சொல்லுவாங்களே" என்று கேட்பார்கள். ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவனால் உங்கள் பீரோவில் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. வேலை முடிந்த பிறகு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென்டிரைவ் ஒன்று, விண்டோஸ் போடுவதற்கு. ஃபைல்களை வெளியே எடுக்கத் தனியாக ஒரு காலி டிஸ்க். ஏற்கெனவே பேக்கப் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதை இந்த வேலை முடியும்வரை இந்த சிஸ்டத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, பிட்லாக்கர் ரிகவரி கீ. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 வந்த லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. பூட் மெனுவைத் தொட்டதும் 48 இலக்க எண்ணைக் கேட்கும். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத் திறந்து, டிவைஸ் பகுதியில் அந்த எண் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள். பாதி வேலையில் இது இல்லாமல் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களை யாராலும் எடுக்க முடியாது. நானும் கைவிரித்துவிடுவேன்.

1. என்ன நடந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் 'வைரஸ்' என்ற ஒரே சொல்லில் அடைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கடைக்கு வருபவை அநேகமாக ஐந்து வகை. சிலவற்றுக்கு இரண்டு நிமிடம் போதும், சிலவற்றுக்கு ஒரு நாள் வேண்டும்.

*மூலையில் வந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கை.* திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று வந்தபடியே இருக்கும். பெட்டிக்குள் பொடி எழுத்தைப் பாருங்கள். குரோம் என்ற பெயரும் ஏதோ ஒரு இணையதள முகவரியும் இருந்தால், அது வைரஸே இல்லை. என்றைக்கோ படம் பார்க்கப் போன தளத்தில் 'அலவ்' அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். அந்த எச்சரிக்கையை நம்பி எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை என்றால் உங்கள் வேலை இத்தோடு முடிந்தது.

*திரை முழுக்கச் சிவப்பு, சத்தம், ஒரு போன் நம்பர்.* இதுவும் ஒரு வெப்சைட்தான், முழுத்திரையில் நிற்கிறது, அவ்வளவே. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விடவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜருக்குப் போய் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை 'ரீஸ்டோர்' செய்யட்டுமா என்று கேட்கும், வேண்டாம். அந்த நம்பருக்கு போன் செய்திருந்தால் மட்டும் அடுத்த வகைக்கு வாருங்கள்.

*யாரோ ஒருவருக்குத் திரையைக் கொடுத்துவிட்டீர்கள்.* கஸ்டமர் கேர் என்று பேசியவர் சொன்னபடி எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றை இறக்கி, அதில் வந்த எண்ணைச் சொல்லியிருப்பீர்கள். அந்த மென்பொருள்களில் குற்றமில்லை, நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்த எண்ணைச் சொன்ன நிமிடம் முதல் கீபோர்டும் மவுஸும் அவர் கையில்.

*நீங்களே எதையோ ஓட்டிவிட்டீர்கள்.* கிராக் சாஃப்ட்வேர் (காசு கொடுக்காமல் ஓடும்படி உடைத்தது), மெயிலில் வந்த 'இன்வாய்ஸ்', அல்லது புதிதாகக் கிளம்பியிருக்கும் போலி கேப்சா. இன்றைக்கு அதிகம் பாதிப்பது இந்த வகைதான், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. சிஸ்டம் ஸ்லோ ஆகாது, திரையில் எதுவும் வராது.

*ஃபைல்கள் திறக்கவில்லை.* எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால், ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது. 8ஆவது பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

போலி கேப்சாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி மாணவி, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார். 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தை டிக் செய்ததும் மூன்று வரி வந்திருக்கிறது: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தவும், கன்ட்ரோல் வி அழுத்தவும், என்டர் தட்டவும். அப்படியே செய்துவிட்டார். கட்டத்தை டிக் செய்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை அவருடைய கிளிப்போர்டில் காப்பி செய்து வைத்துவிட்டது. மீதியை அவர் கையாலேயே முடித்துக்கொடுத்தார்.

நெட்டைத் துண்டித்துவிட்டு, அதே விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அழுத்தி ரன் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கடைசியாக ஓட்டிய கட்டளை அதில் அப்படியே நிற்கும். பார்த்தால், நான் ரோபோ அல்ல, வெரிஃபிகேஷன் ஐடி என்று ஏதோ ஒரு எண். "இதுல என்னண்ணா தப்பு, கேப்சா நம்பர்தானே?" என்றார். ஹோம் பட்டனைத் தட்டச் சொன்னேன். கர்சர் இடது ஓரத்துக்கு ஓடியதும் வரியின் தலை தெரிந்தது: பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) என்று ஆரம்பித்து, எங்கிருந்தோ ஒன்றை இறக்கி ஓட்டும் கட்டளை. பெட்டி சின்னது என்பதால் வால் மட்டும்தான் கண்ணில் படும், அதற்காகவே அந்த வாலை ஒட்டியிருக்கிறார்கள். நீங்களும் சந்தேகம் இருந்தால் இப்படிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு எஸ்கேப் அழுத்துங்கள், தப்பித்தவறிக்கூட என்டர் வேண்டாம்.

2. நெட்டைத் துண்டியுங்கள்

வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். லேப்டாப்பில் வைஃபை ஐகானைத் தேடித் தடுமாறினால் ரவுட்டரின் ஸ்விட்சையே அணைத்துவிடுங்கள்.

உள்ளே வந்தது எதுவாக இருந்தாலும் வெளியே இருக்கும் ஒருவரோடு அது பேச வேண்டும். திருடியதை அனுப்பவும் அடுத்த உத்தரவை வாங்கவும் நெட் வேண்டும். ரிமோட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவரும் இத்தோடு அறுந்துபோவார். பலரும் இங்கே செய்யும் தவறு, எனிடெஸ்க்கை அன்இன்ஸ்டால் செய்ய முயல்வது. நீங்கள் மவுஸை நகர்த்த, அவர் அதை இழுக்க, ஐந்து நிமிடம் வீணாகும். கேபிளைப் பிடுங்க ஒரு நொடி.

சிஸ்டத்தை ஆஃப் செய்ய வேண்டுமா? பொதுவாக இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஒரே ஒரு விலக்கு: உங்கள் கண் முன்னாலேயே ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால், முதலில் பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள், உடனே பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். பெரிய நிறுவனங்களில் தடயத்துக்காக அணைக்காமல் விடச் சொல்வார்கள். வீட்டு சிஸ்டத்தில் தடயத்தைவிட மிச்சமிருக்கும் போட்டோக்கள் முக்கியம் என்பது என் கணக்கு.

3. பணம் போயிருந்தால் கம்ப்யூட்டரை அப்படியே விடுங்கள்

அக்கவுண்டில் இருந்து பணம் போயிருந்தாலோ, கார்டு விவரத்தையோ ஓடிபியையோ சொல்லியிருந்தாலோ, சிஸ்டத்தைச் சரிசெய்வது அப்புறம். முதலில் பேங்குக்கு போன் செய்து கார்டையும் நெட் பேங்கிங்கையும் பிளாக் செய்யச் சொல்லுங்கள். நம்பரை கார்டின் பின்பக்கத்தில் பார்த்து அடியுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் கஸ்டமர் கேர் நம்பருக்கு அடித்து இரண்டாவது முறையும் ஏமாந்தவர்கள் உண்டு.

அடுத்து, இந்தியாவில் இருந்தால் 1930. இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். இங்கே வேகம் ஏன் முக்கியம் என்றால், பணம் முதலில் விழும் அக்கவுண்டில் நிற்காது. அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து வேறொன்று என்று ஓடிக்கொண்டிருக்கும். வழியில் எங்காவது நிற்கும்போது பிடித்தால்தான் முடக்க முடியும். பேசுவதற்கு முன் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் அக்கவுண்ட் எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ என்றால் ஆப்பில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைத்தான் கேட்பார்கள். பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரை எழுத்தில் பதிவு செய்து, அந்த எண்ணை பேங்குக்கும் கொடுங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இரண்டு விஷயம் இருக்கிறது. உங்கள் தவறும் இல்லை, பேங்கின் தவறும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. நீங்களே ஓடிபியைச் சொன்னது போன்ற கவனக்குறைவு என்றால், புகார் செய்யும்வரை போனது உங்களுடையது, புகாருக்குப் பிறகு போவது பேங்குடையது. "நாமதானே சொல்லிட்டோம்" என்று கூச்சப்பட்டு இரவு முழுக்கச் சும்மா இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவமானம் நாளைக்குப் படலாம், போன் இப்போதே போடுங்கள்.

4. பாஸ்வேர்டு மாற்றுவது: எங்கிருந்து, எந்த வரிசையில்

அதிகம் பேர் தவறும் இடம் இதுதான். பதறியதும் அதே சிஸ்டத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றுவார்கள். உள்ளே இருப்பது கீபோர்டைக் கவனித்துக்கொண்டிருந்தால், புது பாஸ்வேர்டும் சுடச்சுட அவர்களுக்கே போகும். மொபைலில் மட்டும் மாற்றுங்கள்.

வரிசை: முதலில் இமெயில். பேங்கோ ஃபேஸ்புக்கோ அல்ல. வேறு எந்த அக்கவுண்டிலும் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தினால் லிங்க் வருவது மெயிலுக்குத்தான். மெயில் அவர்கள் கையில் இருக்கும்வரை மற்றதை எத்தனை முறை மாற்றினாலும் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். மெயிலுக்குப் பிறகு பேங்க், அப்புறம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கடைசியாக ஷாப்பிங் தளங்கள்.

மெயிலில் பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. இன்றைய திருட்டு மென்பொருள்கள் பாஸ்வேர்டோடு குக்கீயையும் அள்ளிக்கொண்டு போகின்றன. நீங்கள் ஒருமுறை லாக்இன் செய்ததும் 'இவர் ஏற்கெனவே வந்தவர்தான்' என்று தளம் கொடுக்கும் டோக்கன் அது. கோயிலில் காலணி விட்டதற்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி, யார் கொண்டுபோய் நீட்டினாலும் செருப்பு கிடைக்கும், பெயர் கேட்க மாட்டார்கள். டோக்கன் கையில் இருப்பவருக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். "டூ ஸ்டெப் போட்டிருந்தேனே, எப்படிப் போச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த மென்பொருள்கள் எவ்வளவு பரவலானவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: லுமா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் உலகம் முழுக்க 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது.

ஆகவே ஜிமெயில் என்றால் மொபைலில் கூகுள் அக்கவுண்டைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலுக்குப் போங்கள். கையில் இருக்கும் மொபைலைத் தவிர எல்லாவற்றையும் சைன் அவுட் செய்யுங்கள். உங்கள் சொந்த சிஸ்டத்தையும்தான், திருடப்பட்ட டோக்கன் அந்தப் பெயரில்தான் இருக்கும். பிறகு மூன்று இடம் பாருங்கள்: ரிகவரி மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையவைதானா, ஃபார்வர்டிங்கில் தெரியாத முகவரி இருக்கிறதா, ஃபில்டர்களில் நீங்கள் போடாத ஏதாவது இருக்கிறதா. பேங்க் மெயில் வந்ததும் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஃபில்டர் போட்டு வைப்பது அவர்களின் பழைய வித்தை. ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் மொபைல் ஆப்பில் தெரியாது, பிரவுசரில் டெஸ்க்டாப் சைட் என்று போட்டுத் திறந்தால் தெரியும்.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கான பின் (PIN) நம்பரும் போடுங்கள்.

ஒரே பாஸ்வேர்டை ஐந்து இடத்தில் வைத்திருந்தால் ஐந்தையும் மாற்ற வேண்டும். மகள் பெயருக்குப் பின்னால் 123 இருந்ததை 1234 என்று மாற்றுவது மாற்றம் இல்லை.

5. ஃபைல்களை வெளியே எடுத்தல்

நெட் இல்லாமலேயே செய்யுங்கள். வேர்டு, எக்செல், பிடிஎஃப், போட்டோ, வீடியோ, கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். இவை மட்டும். இன்ஸ்டாலர்கள், ஜிப் ஃபைல்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே மொத்தமாக எடுப்பது, எதுவும் வேண்டாம். புகுந்தது பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் உட்கார்ந்திருக்கும். அதையும் பத்திரமாக மூட்டை கட்டி, புது விண்டோஸில் கொண்டுவந்து அவிழ்ப்பார்கள்.

காப்பி செய்வதற்கு முன் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் இதை மறைத்தே வைத்திருக்கும். அதனால் இன்வாய்ஸ் பிடிஎஃப் என்று தெரிவது உண்மையில் வாலில் இஎக்ஸ்இ உள்ள புரோகிராமாக இருக்கலாம், ஐகானையும் பிடிஎஃப் மாதிரியே வைத்திருப்பார்கள். வால் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ்களில் சாதாரணமாகப் பார்ப்பதுதான். ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்வதுதான் தப்பு, செய்தால் உங்கள் சிஸ்டமும் மாட்டும். வியூவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்தால் உண்மையான ஃபோல்டர் மங்கலாகத் தெரியும்.

6. ஸ்கேன்

புதிதாக எந்த ஆன்டிவைரஸும் இறக்க வேண்டாம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

ஸ்கேனுக்கு முன் ஒரு இடம் பார்க்க வேண்டும், பலருக்கும் தெரியாது. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. இது 'இந்த இடத்தைத் தேடாதே' என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல். வீட்டு சிஸ்டத்தில் இது காலியாக இருக்க வேண்டும். போன மாதம் வந்த ஒரு சிஸ்டத்தில் சி டிரைவ் முழுவதுமே அந்தப் பட்டியலில் இருந்தது. சொந்தக்காரர் மூன்று முறை ஸ்கேன் செய்து "ஒண்ணும் இல்லைன்னு வருது சார்" என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்.

பட்டியலைக் காலி செய்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் 'ஆஃப்லைன் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சுமார் கால் மணி நேரம் தேடும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்பவற்றுக்கு அங்கே ஒளிய இடமில்லை, அதனால்தான் இந்த வகை.

அப்புறம் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்), தேதி வாரியாக இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியல், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப், மூன்றையும் பாருங்கள். சம்பவம் நடந்த நாளில் வந்தவற்றைக் குறிவையுங்கள்.

7. எப்போது விண்டோஸை அழித்துப் போடுவது

என் கணக்கு நேரானது. முதல் இரண்டு வகை என்றால் தேவையில்லை. ரிமோட்டில் யாராவது நுழைந்திருந்தாலோ, கிராக், போலி கேப்சா போன்றதை ஓட்டியிருந்தாலோ, ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அழித்துவிடுங்கள். ஸ்கேன் 'கிடைக்கவில்லை' என்றுதான் சொல்லும், 'இல்லை' என்று சொல்லாது.

சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி பென்டிரைவ் தயார் செய்யுங்கள். பாதிக்கப்பட்ட சிஸ்டத்திலேயே தயாரிக்க வேண்டாம். அந்த பென்டிரைவிலிருந்து பூட் செய்து, பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) நீக்கிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். டி டிரைவில் டேட்டா இருந்தால் அதையும் நீக்கிவிடாமல், எது எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இடத்தில் கை நடுங்குகிறது என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசன்ஸ் கீ எதுவும் கேட்காது, நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

கடையில் கொடுத்தால் ஒன்று கேளுங்கள்: "ஆக்டிவேட்டர் போட்டுத்தான் தர்றீங்களா?" ஆக்டிவேட்டர் என்பது லைசன்ஸ் இல்லாத விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு டூல். ஆமாம் என்றால் வேறு கடை பாருங்கள். என் தொழில்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆக்டிவேட்டர் ஓட டிஃபெண்டரை அணைக்க வேண்டும், எக்ஸ்க்ளூஷன் போட வேண்டும். சுத்தம் செய்த வீட்டின் பின்கதவை நாமே திறந்து வைப்பதுபோல் அது.

கிராக் விஷயத்தில் இரண்டு அடையாளம் சொல்கிறேன். ஜிப் ஃபைலுக்கு 1234 என்று பாஸ்வேர்டு போட்டிருக்கும். பாஸ்வேர்டு இருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். கூடவே "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று ஒரு குறிப்பு. வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்று சொல்கிறவன் எதற்கு வருகிறான்?

8. ரான்சம்வேர் என்றால் தனியாக

ஒரு ஜிஎஸ்டி கணக்காளரின் சிஸ்டம். மூன்று வருட எக்செல்கள், எல்லாவற்றுக்கும் நான்கு எழுத்தில் ஒரு வால். "பேக்கப் இருக்குங்க" என்று ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். அதைத் திறந்தால் அதிலும் அதே வால். 24 மணி நேரமும் சிஸ்டத்திலேயே செருகி வைத்திருந்த டிஸ்க் அது. கம்ப்யூட்டருக்குத் தெரியும் டிரைவ் எல்லாம் ரான்சம்வேருக்கும் தெரியும்.

முதலில் எதையும் அழிக்காதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும், பணம் கேட்கும் அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் வேறு டிஸ்க்கில் அப்படியே எடுத்து வையுங்கள். அந்தக் குறிப்பில்தான் எந்த வகை, உங்கள் ஐடி என்ன என்பதெல்லாம் இருக்கும். குறிப்பை டெலிட் செய்து, ஃபார்மட்டும் போட்டுவிட்டு வந்தால் வகையைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

அடுத்து 'நோ மோர் ரான்சம்' தளம். 2016இல் நெதர்லாந்து போலீஸ், யூரோபோல், இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பித்தது, இலவசம். பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றையும் குறிப்பையும் ஏற்றினால் வகையைச் சொல்லும், சாவி வெளிவந்திருந்தால் அதற்கான டூலும் கிடைக்கும். ஏற்றுவதற்கு வாடிக்கையாளரின் ரகசியம் இல்லாத சாதாரண ஃபைலாகத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டு சிஸ்டங்களில் நான் அதிகம் பார்த்தது ஸ்டாப் அல்லது டெஜாவூ என்று சொல்லப்படும் வகை, கிராக்கோடு வருவது. 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490 என்று தள்ளுபடியும் கொடுக்கும், ஆடித் தள்ளுபடி மாதிரி. இதில் குறிப்பில் உள்ள ஐடியின் கடைசியில் t என்ற ஆங்கில எழுத்தும் 1 என்ற எண்ணும் (t1) இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். பூட்டும் நேரத்தில் அதனால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, எல்லாருக்கும் பொதுவான சாவியைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாவி கிடைத்திருந்தால் எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் இலவச டூல் திறந்துவிடும். அப்படி இல்லாவிட்டாலும், இந்த வகை ஒவ்வொரு ஃபைலின் தலைப்பகுதியில் சுமார் 150 கேபியை மட்டும்தான் பூட்டுகிறது. அதனால் பெரிய வீடியோ, பெரிய ஜிப் போன்றவற்றில் பெரும்பகுதியை மீட்க வாய்ப்புண்டு. எக்செல் மாதிரி சின்ன ஃபைல்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

"நாங்க டிகிரிப்ட் பண்ணித் தர்றோம்" என்று உத்தரவாதம் கொடுப்பவர்களிடம் ஜாக்கிரதை. இலவச டூல் இல்லாத வகையை ஒருவர் நிச்சயம் திறப்பேன் என்றால், பெரும்பாலும் உங்கள் பணத்தில் ஒரு பகுதியைத் திருடனுக்கே கொடுத்துச் சாவி வாங்கி, மீதியைப் பையில் போட்டுக்கொள்கிறார். நேரடியாகப் பணம் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. டூல் இன்றைக்கு இல்லை என்றால் அந்த டிஸ்க்கில் தேதி எழுதி பீரோவில் வையுங்கள். வருடங்கள் கழித்துச் சாவி வெளிவந்த வகைகள் இருக்கின்றன.

9. புது விண்டோஸில் எதை எந்த வரிசையில் திரும்பக் கொண்டுவருவது

முதலில் விண்டோஸ் அப்டேட், இனி எதுவும் இல்லை என்று வரும்வரை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மெஷின் தாங்கும் என்றால் இந்தக் கையோடு 11க்குப் போய்விடுங்கள்.

அடுத்து, தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத 'ஸ்டாண்டர்டு' அக்கவுண்ட் ஒன்று. எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்றால் பாஸ்வேர்டு கேட்கும், அந்த ஒரு கேள்வியில் பாதித் தவறுகள் நின்றுவிடும். வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் சிஸ்டம் என்றால் கட்டாயம்.

பிறகு பிரவுசர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குரோமில் லாக்இன் செய்து சிங்க் கொடுத்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தாமாகவே வந்து உட்காரும், திருட்டு எக்ஸ்டென்ஷனும் சேர்த்து. ஃபார்மட் போட்ட மறுநாளே "திரும்ப வந்துடுச்சு" என்பவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் காரணம். சிங்க் செட்டிங்கில் எக்ஸ்டென்ஷன்ஸை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை விடுங்கள். பிரவுசரில் சேமித்திருந்த பழைய பாஸ்வேர்டுகளையும் மாற்றி முடித்தவுடன் அழித்துவிடுங்கள்.

ஃபைல்களைத் திரும்ப வைக்கும் முன் அந்த டிஸ்க்கை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம்தான் பழைய பேக்கப் டிஸ்க்கை பீரோவிலிருந்து எடுக்க வேண்டும். இனிமேல் அது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மட்டும் செருகப்பட்டு, மீதி நேரம் கழற்றியே இருக்கட்டும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் இன்னொரு நகல் இருந்தால் நல்லது. ரான்சம்வேர் பூட்டிய ஃபைல் அங்கேயும் ஏறிவிடும்தான், ஆனால் பழைய வெர்ஷன்களைக் கொஞ்ச காலம் வைத்திருப்பார்கள், அதிலிருந்து திரும்பப் பெறலாம்.

ஒரு வாரம் கழித்து மொபைலில் மறுபடி 'யுவர் டிவைசஸ்' பட்டியலையும், பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று புரியாத பிடித்தம் ஏதாவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். கார்டு வேலை செய்கிறதா என்று யாரோ தட்டிப் பார்க்கிறார்கள், அன்றைக்கே கார்டை மாற்றிக் கேளுங்கள்.